மீனுக்கு மூன்று அளவுகள்

கள்ளக்குறிச்சியில் கடல் கிடையாது. 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து தனி மாவட்டமாகப் பிரிந்தபோது, மரக்காணத்துக் கடற்கரை தாய் வீட்டிலேயே தங்கிவிட்டது. மகளுக்குச் சீதனமாகக் கிடைத்தது கல்வராயன் மலை. அலையைப் பார்க்க வேண்டுமானால் கிழக்கே சுமார் நூறு கிலோமீட்டர் பிரயாணம் செய்ய வேண்டும். இப்படிப்பட்ட ஊரை முன்னே வைத்துக்கொண்டு கடல் மீனின் சரித்திரத்தைச் சொல்லுவானேன் என்று நேயர்கள் கேட்கலாம்.

காரணம் எளியதுதான். கல்வராயன் மலையில் பெய்யும் மழை கோமுகியாகவும் மணிமுத்தாறாகவும் இறங்கி, வெள்ளாற்றில் கலந்து, பரங்கிப்பேட்டையில் கடலைச் சேருகிறது. கடல் நீரும் ஆற்று நீரும் கலக்கும் அந்த முகத்துவாரத்தில் மீன் குஞ்சுகள் வளருகின்றன. மலை ஆற்று வழியே கடலுக்குத் தண்ணீர் அனுப்புகிறது. கடல் சாலை வழியே மலையடிவாரத்துக்கு மீன் அனுப்புகிறது, ஐஸ் பெட்டியில் வைத்து. ஆனால் ஐஸ் பெட்டியில் வரும் மீன் தன் பூர்வோத்தரத்தைச் சொல்லாது. அது எவ்வளவு நீளம் வளரக்கூடியது, எந்தெந்தக் கடல்களில் வாழ்வது, எவ்வளவு ஆழத்தில் திரிவது என்ற மூன்று கேள்விகளுக்கும் புத்தகத்தில் விடை எழுத இருநூறு வருஷங்கள் ஆயின.

முதலில் நீளம். தரங்கம்பாடி டேனிஷ்காரர்கள் வசம் இருந்த காலத்தில், 1771-ல், கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் என்ற ஜெர்மன் பாதிரியார் அங்கே வந்து சேர்ந்தார். 1813-ல் இறக்கும்வரை அந்த ஊரைவிட்டுப் போகவில்லை. செம்படவர்கள் கரைக்குக் கொண்டுவந்த மீன்களை அவர் பதனம் செய்து பெர்லினுக்கு அனுப்பினார். அங்கே மார்க்கஸ் பிளோக் என்ற வைத்தியர் அவற்றை அளந்து, படம் எழுதுவித்து, பெயர் சூட்டினார். சோழமண்டலக் கரையை ஒரு நாளும் பார்த்தறியாதவர் அவர். கத்தாளை மீன் வகைக்கு 1793-ல் ‘ஜோனியஸ்’ என்று அவர் வைத்த பெயர் பாதிரியாரின் ஞாபகார்த்தம். அந்த வகையிலே ஒன்றுக்கு ‘கருட்டா’ என்று பெயர். ஏதோ லத்தீன் பதம் என்று மயங்க வேண்டாம். நம் செம்படவர் சொன்ன ‘கருத்த கத்தாளை’தான் கப்பலேறிப் போய் அப்படி ஆகிவிட்டது!

இரண்டாவது, மீனின் முகவரி. பெர்லினில் உட்கார்ந்து நீளத்தை அளக்கலாம். மீன் எங்கெங்கே வாழ்கிறது என்பதை எப்படி அளப்பது? கொடுவா மீனுக்கு 1790-ல் பெயர் சூட்டிய பிளோக், அது ஜப்பான் தேசத்து மீன் என்று எழுதி வைத்தார். ஆற்றில் வளர்ந்து, முட்டையிடக் கடலுக்குப் போகும் அந்த மீன் இந்தியக் கரைகளிலிருந்து ஆஸ்திரேலியா வரையில் பரவியிருக்கிறது. ஜப்பானில் இருப்பதோ வேறு இனம் என்று கண்டு, 1984-ல் அதற்குத் தனிப் பெயர் கொடுத்தார்கள். தவறான முகவரி திருந்துவதற்குள் இரண்டு நூற்றாண்டுகள் ஓடிவிட்டன.

மூன்றாவது, ஆழம். இதுதான் எல்லாவற்றிலும் தாமதம். சென்னை ராணுவத்தில் வைத்தியராக இருந்த பிரான்சிஸ் டே 1875 முதல் 1878 வரை வெளியிட்ட பெரிய நூலில் மீனின் நீளம் உண்டு, வாழும் இடம் உண்டு, தமிழ்ப் பெயர்கூட உண்டு. ஆழத்துக்குத்தான் அநேகமாக இடமில்லை. சந்தையில் வாங்கிய மீன் எந்த ஆழத்தில் பிடிபட்டது என்று எப்படித் தெரியும்? கயிற்றில் ஈயக் குண்டைக் கட்டி இறக்கியவனுக்கு அது தெரியும். இரண்டு கைகளையும் விரித்தால் ஒரு பாகம். இத்தனை பாகத்தில் இந்த மீன் என்பது செம்படவனுக்குத் தகப்பனார் சொல்லிக் கொடுத்த பாடம். 1927-ல் சென்னை அரசாங்கத்தின் ‘லேடி கோஷன்’ என்ற இழுவைக் கப்பல் ஆழ்கடலில் வலையிட்டுச் சோதித்த பிறகுதான் இந்தப் பாடம் கணக்குப் புத்தகத்தில் ஏறத் தொடங்கியது. 1974-ல் ஐக்கிய நாடுகளின் உணவு, விவசாய ஸ்தாபனம் நம் கிழக்குக் கடலுக்கும் சேர்த்து மீனுக்கு ஓர் ஏடாக அச்சிட்டபோது, நீளமும் வாழிடமும் பரவலும் ஒரே பக்கத்தில் இடம் பெற்றன.

மலைக்காரர்களுக்குப் புரியும்படி அந்த ஆழத்தைச் சொல்கிறேன். கல்வராயன் மலையின் உச்சி ஏறக்குறைய ஆயிரம் மீட்டர். அதைத் தலைகீழாகக் கடலில் கவிழ்த்தால், கரையோர மீன்கள் குடியிருக்கும் பாகம் அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது இருநூறு மீட்டர்தான். வஞ்சிரம் பெரும்பாலும் பத்து முதல் எழுபது மீட்டருக்குள். காணாங்கெளுத்தி இருபது முதல் தொண்ணூறு மீட்டருக்குள். இவ்வளவு பெரிய சமுத்திரத்தில் நமக்குச் சோறூட்டும் பகுதி ஒரு மேல்மாடம் மட்டுமே.

இத்தனை பாடுபட்டு எழுதிய மூன்று அளவுகளும் இப்போது நம் கண்ணெதிரே நகருகின்றன. மத்தி மேற்குக் கரையின் மீன் என்றே வெகு காலம் பாடம். 1990களிலிருந்து அது தமிழ்நாட்டின் கிழக்குக் கரையிலும் ஏராளமாக அகப்படுகிறது. மேல்நீரில் திரியும் காணாங்கெளுத்தி அடித்தட்டு இழுவலையில் முன்னைவிட அதிகமாக விழுகிறது. கடலின் மேற்பரப்பு சூடேறுவதால் அது கீழே இறங்குகிறது என்பது 1947-ல் தொடங்கிய மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தாரின் அபிப்பிராயம்.

நீளத்தின் கதை இன்னும் கவலை தருவது. கொடுவா பிறப்பது ஆணாக. சில வருஷம் வளர்ந்து பெரிதான பிறகே பெண்ணாக மாறுகிறது. பெரியவற்றையெல்லாம் பிடித்துவிட்டால் முட்டையிட யார் இருப்பார்கள்? சின்னதையே பிடித்தால் எது பெரிதாகும்? கேரளத்தில் 2015-ல் 14 வகை மீன்களுக்கும், 2017-ல் மொத்தம் 58 வகைகளுக்கும், இதைவிடச் சிறியதைப் பிடிக்கக்கூடாது என்று அளவு விதித்தார்கள். மத்திக்குப் பத்து சென்டிமீட்டர், காணாங்கெளுத்திக்குப் பதினான்கு. நம் கிழக்குக் கரையிலும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன் குடும்பம் பெருகுவதற்கு நாம் கொடுக்கும் விடுமுறை அது.

ஆனால் கப்பலையும் வலையையும் மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. விற்பனையாகாத மீனை எந்த வலையும் இரண்டாம் முறை தேடிப் போகாது. கள்ளக்குறிச்சிச் சந்தையில் கூடையோடு மலிவாக வரும் விரல் நீள மத்தியைப் பார்த்து, ‘இது வளர்ந்து முடிந்ததா, வளர வேண்டியதா?’ என்று ஓர் இல்லத்தரசி கேட்டால், அந்தக் கேள்வி வியாபாரியிடம் தொடங்கி, லாரிக்காரர் வழியாகக் கடலூர்த் துறைமுகம்வரை போய்ச் சேரும். கடல் இல்லாத ஊர்க்காரர்களுக்கும் கடலின் மேல் அவ்வளவு அதிகாரம் உண்டு என்பதே என் எண்ணம். அதற்கு வேண்டிய கருவியும் பெரிதல்ல; ஒரு பள்ளிப் பிள்ளையின் அளவுகோல் போதும்.