ஆடும் அங்கியும்

குருமடத்தில் நாம் பயின்ற நாளில், மத்தேயு நற்செய்தியின் இறுதித் தீர்ப்புப் பகுதியை ஆங்கிலத்தில் வாசிக்கும் முறை ஒருநாள் நமக்கு வந்தது. செம்மறிகளினின்று வெள்ளாடுகளைப் பிரிக்குமிடத்தில், நமது நா வெள்ளாடுகளை விட்டுவிட்டு மேலங்கிகளைப் பிரித்து நிறுத்தியது! ஆங்கிலத்தில் இரண்டுமே நம் எழுத்துக்கு 'கோட்'தான். வகுப்பே நகைத்தது. ஆசிரியர், "பட்டிக்காட்டு நாக்கு" என்றார். அச்சொல் நெடுநாள் நெஞ்சில் தைத்திருந்தது.

பிழை எங்கே நேர்ந்தது? வாசக அன்பர்கள் தொண்டையில் விரலை வைத்து, முதலில் பாம்பின் சீறலைப் போலவும், பின்னர் வண்டின் ரீங்காரத்தைப் போலவும் ஒலித்துப் பார்க்கலாம். சீறலில் தொண்டை அசைவதில்லை. ரீங்காரத்தில் குரல்நாண்கள் அதிர்கின்றன. அதிர்வதை ஒலிப்புடை ஒலி என்றும், அதிராததை ஒலிப்பிலா ஒலி என்றும் மொழியியலார் அழைப்பர். ஆங்கிலத்தில் ஆட்டின் முதலொலி அதிர்வது. அங்கியின் முதலொலி அதிராதது.

தமிழிலும் இவ்விரண்டும் உண்டு. 'பாம்பு' என்னும் சொல்லின் முதற் பகரம் அதிராது. மகரத்தை அடுத்த பகரம் அதிரும். ஆயினும் நமக்கு இரண்டும் ஓரெழுத்தே. ஒலியின் இடமே அதிர்வைத் தீர்மானிப்பதால், அதற்கெனத் தனியெழுத்து வேண்டியதில்லை. பிஷப் கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் இவ்விதியை விளக்கியுள்ளார்.

பின்னாளில் நாம் கற்று வியந்த செய்தி வேறு. ககரத்தின் ஈரொலிகளைப் பண்டை ஆங்கிலேயரும் பிரித்தறிந்தே இருந்தனர். ஆனால் 'ஃப்', 'வ்' என்னும் ஒலிகளில் அவர்கள் நம்மைப் போன்றவர்களே! இரண்டிற்கும் பெரும்பாலும் ஓரெழுத்தையே எழுதினர். உயிரொலிகளுக்கிடையே வந்தால் அது தானே அதிர்ந்தது. கத்தியைக் குறிக்கும் 'நைஃப்' பன்மையில் 'நைவ்ஸ்' ஆவது அப்பழைய விதியின் எச்சமே. இடையிலிருந்த உயிரொலி மறைந்து பல நூற்றாண்டுகளாயின. அதிர்வு மட்டும் தங்கிவிட்டது. வீட்டைக் குறிக்கும் 'ஹவுஸ்' பெயர்ச்சொல்லாகும்போது சீறலில் முடிகிறது. குடியமர்த்து என்னும் வினையாகும்போது ரீங்காரத்தில் முடிகிறது. அதே எழுத்துகள்தாம், பொருளைப் பிரிப்பது தொண்டை.

1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் நிலை மாறிற்று. வகரத்தை முதலாகக் கொண்ட பிரெஞ்சுச் சொற்கள் திரளாகப் புகுந்தன. 'சில' எனப் பொருள்படும் 'ஃபியூ' மண்ணின் சொல். 'காட்சி' எனப் பொருள்படும் 'வியூ' வந்தேறிய சொல். இவை அருகருகே நின்றபோது, அதுவரை இடத்தைச் சார்ந்திருந்த அதிர்வு பொருளையே மாற்றும் ஆற்றல் பெற்றது. நரியைக் குறிக்கும் 'ஃபாக்ஸ்' இருக்க, பெண்நரி மட்டும் 'விக்ஸன்' ஆனது வேறு கதை. அது தென்னிங்கிலாந்துக் கிராமத்தாரின் உச்சரிப்பு. அந்தப் பட்டிக்காட்டு நாக்கை எந்த ஆசிரியரும் திருத்தவில்லை; அகராதியே ஏற்றுக்கொண்டது.

நம்மைத் தலைகுனிய வைத்த அந்த மேலங்கிகூட, பிரெஞ்சிலிருந்து ஆங்கிலேயர் கடன் வாங்கியதுதான். வெள்ளாடு மட்டுமே அவர்களுடைய சொந்தச் சொல்.