பந்தும் பணமும் பத்திரிகையும்



சனிக்கிழமை பின்னேரங்களில் எங்கள் வீடுகளில் எழும் சத்தத்தில் பாதி உதைபந்தாட்டத்தால் வருவது. தகப்பன் ஒரு கழகம், மகன் ஒரு கழகம், மருமகன் இன்னொரு கழகம். ஆட்டம் முடிந்த பிறகும் வாய் ஓயாது. கவனித்துக் கேட்டால் அந்த வாக்குவாதத்தில் இரண்டு முறைப்பாடுகள் திரும்பத் திரும்ப வரும். தொலைக்காட்சியும் பத்திரிகையும் எங்கள் கழகத்துக்கு எதிரானவை என்பது ஒன்று. பண விதிகள் எங்களை மட்டும்தான் பிடிக்கின்றன, பெரிய கழகங்களை விட்டுவிடுகின்றன என்பது மற்றது.

தோற்றவனின் புலம்பல் என்று இதைத் தள்ளிவிடுவது சுலபம். ஆனால் இங்கிலாந்து உதைபந்தாட்டத்தின் வரலாற்றைப் புரட்டினால், இந்த இரண்டு முறைப்பாடுகளுக்கும் ஆழமான வேர் இருப்பது தெரிகிறது. அவை எப்போது வென்றன, எப்போது காற்றோடு போயின என்பதும் தெரிகிறது. அதையே இம்மாதப் பேச்சுக்கு எடுத்துக்கொள்கிறேன்.

பண விதி ஒன்றும் புதிய சங்கதி அல்ல. 1901ஆம் ஆண்டிலேயே ஆட்டக்காரரின் சம்பளம் வாரத்துக்கு 4 பவுண்ஸுக்கு மேல் போகக் கூடாது என்று விதி வந்துவிட்டது. பணக்காரக் கழகங்கள் நல்ல ஆட்டக்காரர் எல்லோரையும் வாங்கிவிடக் கூடாது என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். நல்ல காரணம்தான். ஆனால் மைதானம் நிறைய ஆயிரமாயிரம் பேர் காசு கொடுத்து வந்த அறுபது வருடமும் அந்தக் காசு ஆட்டக்காரனின் கைக்குப் போகாமல் தடுத்ததும் அதே விதிதான். 1961 ஜனவரியில், உச்ச சம்பளம் 20 பவுண்ஸாக இருந்தபோது, ஜிம்மி ஹில் தலைமையில் ஆட்டக்காரர் சங்கம் வேலைநிறுத்த எச்சரிக்கை விடுத்த பிறகே அது ஒழிந்தது. உடனேயே புல்ஹாம் கழகத்தின் ஜொனி ஹெயின்ஸுக்கு வாரம் 100 பவுண்ஸ் கிடைத்தது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஆட்டக்காரனைக் கழகம் பிடித்துவைக்கலாம் என்ற விதி அப்போதும் இருந்தது. ஜோர்ஜ் ஈஸ்ற்ஹாம் நியூகாசில் கழகத்தை நீதிமன்றத்துக்கு இழுத்தார். 1963இல் நீதிபதி வில்பர்போர்ஸ் அந்த விதி நியாயமற்றது என்று தீர்ப்பளித்தார்.

இதில் ஒரு பாடம் உண்டு. சமநிலைக்காக என்று எழுதப்படும் விதி, எழுதுகிறவரின் பையையும் சேர்த்துக் காக்கும்.

அடுத்த திருப்பம் 1983இல் வந்தது. அதுவரை லீக் ஆட்டங்களில் நுழைவுச்சீட்டுப் பணத்தில் ஒரு பங்கு விருந்தாளிக் கழகத்துக்கும் போனது. அந்த வருடம் முதல் சொந்த மைதானக் கழகமே முழுவதையும் வைத்துக்கொள்ளலாம் என்றாயிற்று. பெரிய மைதானம் உள்ளவர் மேலே போகவும் சின்னவர் கீழே போகவும் வழி திறந்தது. 1990இல் ஆர்சனல், எவேட்டன், லிவர்பூல், மன்செஸ்ரர் யுனைற்றட், ரொட்டன்ஹாம் ஆகிய ஐந்து கழகங்களின் தலைவர்கள் தொலைக்காட்சி நிறுவனத் தலைவர் கிரெக் டைக்குடன் இராப்போசனத்துக்கு அமர்ந்தார்கள். தனி லீக் என்ற திட்டம் வேகம் பிடித்தது அந்த மேசையில்தான். எவேட்டன் என்ற பெயரை மனதில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

1992 மே மாதம் பிறீமியர் லீக்கின் ஒளிபரப்பு உரிமைக்கு வாக்கெடுப்பு நடந்தது. ஸ்கையும் பிபிசியும் சேர்ந்து கேட்ட தொகை ஐந்து வருடத்துக்கு 304 மில்லியன் பவுண்ஸ் என்று அறிவிக்கப்பட்டது. ரொட்டன்ஹாமின் அன்றைய உரிமையாளர் அலன் சுகரின் அம்ஸ்ராட் நிறுவனம் ஸ்கைக்கான செய்மதி வாங்கிகளைச் செய்துகொண்டிருந்தது. இருந்தும் அவர் வாக்களித்தார். ஸ்கை 14க்கு 6 என்று வென்றது, இருவர் ஒதுங்கி நின்றனர்.

வந்த பணத்தைப் பங்கிட்ட முறையைத்தான் கவனிக்க வேண்டும். உள்நாட்டு ஒளிபரப்புப் பணத்தில் 50 வீதம் எல்லோருக்கும் சமம். 25 வீதம் லீக்கில் எத்தனையாம் இடம் என்பதைப் பொறுத்தது. மிச்சம் 25 வீதம் எத்தனை தடவை ஆட்டம் தொலைக்காட்சியில் காட்டப்பட்டது என்பதைப் பொறுத்தது. தொலைக்காட்சிக்காரர் அடிக்கடி காட்டும் கழகத்துக்குக் காசும் கூடுதலாகப் போகும். அந்தக் காசால் நல்ல ஆட்டக்காரர் வருவார்கள், அதனால் மறுபடியும் அதையே காட்டுவார்கள். வர்ணனையாளர் எங்கள் கழகத்தைப் பற்றி ஒரு வார்த்தை குறைத்துச் சொன்னார் என்று நாங்கள் கோபப்படுகிறோம். அந்தப் பாரபட்சத்தைவிடப் பெரியது, வர்ணனையாளர் வாய் திறப்பதற்கு முன்பே ஒப்பந்தத்தில் எழுதப்பட்டுவிட்டது.

அதற்காக வார்த்தைகளால் கேடில்லை என்று சொல்ல மாட்டேன். 1989 ஏப்ரல் 15ஆம் திகதி ஷெபீல்ட் நகரில் ஹில்ஸ்பரோ மைதானத்தில் லிவர்பூலும் நொட்டிங்ஹாம் பொறெஸ்ற்றும் மோதிய அரையிறுதி ஆட்டத்தில் நெரிசலில் சிக்கி லிவர்பூல் ரசிகர்கள் இறந்தார்கள். பின்னாட்களில் இறந்தவர்களையும் சேர்த்து எண்ணிக்கை 97. நான்கு நாள் கழித்து 'சன்' பத்திரிகை 'உண்மை' என்று கொட்டை எழுத்தில் தலைப்பிட்டு, ரசிகர்கள் இறந்தவர்களின் பொக்கற்றுகளில் திருடினார்கள், பொலிசார் மீது சிறுநீர் கழித்தார்கள் என்று எழுதியது. அதே வருடம் ஓகஸ்டில் நீதிபதி ரெய்லரின் இடைக்கால அறிக்கை பொலிசாரின் கட்டுப்பாடு தவறியதே முக்கிய காரணம் என்று சொன்னது. ஆனாலும் பொய் ஓடிக்கொண்டே இருந்தது.

லிவர்பூல் மக்கள் அந்தப் பத்திரிகையை வாங்குவதை நிறுத்தினார்கள். ஆனால் அதோடு இருந்துவிடவில்லை. இறந்தவர்களின் குடும்பங்கள் 23 வருடம் ஆவணங்களைத் தேடி அலைந்தன. 2012இல் சுயாதீனக் குழு வெளியிட்ட அறிக்கையில், 164 பொலிஸ் வாக்குமூலங்கள் திருத்தப்பட்டிருந்தது வெளியே வந்தது. அந்தப் பத்திரிகையும் மன்னிப்புக் கேட்டது. 2016இல் மரண விசாரணை ஜூரிகள் இது சட்டவிரோதக் கொலை என்று முடிவு சொன்னார்கள். எங்களைப் பற்றி மற்றவர்கள் எழுதியதை வாசித்து நெஞ்சு எரிந்த அனுபவம் எங்கள் சமூகத்துக்கும் உண்டு. அகதி விண்ணப்பம் கொடுத்தவர்களுக்கு ஒரு கடதாசியின் பெறுமதியும் தெரியும்.

இரண்டு முறைப்பாடுகளும் ஒன்றாகச் சந்தித்தது 1998இல். ஸ்கை நிறுவனம் மன்செஸ்ரர் யுனைற்றட் கழகத்தை 623 மில்லியன் பவுண்ஸுக்கு வாங்க முன்வந்தது. ஆட்டத்தைக் காட்டுகிறவரே ஆடுகிற கழகத்துக்கும் சொந்தக்காரர் ஆனால் என்ன நடக்கும்? ஒளிபரப்பு உரிமை பேரம் பேசும்போது மேசையின் இரண்டு பக்கத்திலும் அவரே இருப்பார். 'சன்' பத்திரிகையும் ஸ்கையும் அப்போது ரூபர்ட் மேர்டொக்கின் குழுமத்தோடு இணைந்திருந்தவை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். யுனைற்றட் ரசிகர்கள் மைதானத்தில் கூச்சல் போட்டதோடு நிற்கவில்லை. சங்கம் அமைத்தார்கள், பங்குதாரர்களான ரசிகர்களைத் திரட்டினார்கள், பாராளுமன்ற உறுப்பினர்களைச் சந்தித்தார்கள், ஏகபோகங்களை விசாரிக்கும் ஆணைக்குழுவுக்கு வாதங்களை எழுத்தில் கொடுத்தார்கள். ஒளிபரப்புப் போட்டி குறையும், பணக்கார, ஏழைக் கழகங்களின் இடைவெளி கூடும் என்று ஆணைக்குழு சொன்னது. 1999 ஏப்ரலில் அரசாங்கம் அந்த விற்பனையைத் தடுத்தது.

இனி இன்றைய பிள்ளைகள் சண்டை பிடிக்கும் விடயத்துக்கு வருவோம். பண விதியே வேண்டாம் என்று சொல்ல முடியாது. 2008இல் எப்.ஏ. கிண்ணத்தை வென்ற போர்ட்ஸ்மத், 2010இல் கடனில் மூழ்கி நிர்வாகிகளின் கைக்குப் போனது. 9 புள்ளிகளும் போயின, லீக்கில் இருந்தும் கீழிறங்கியது. 1885இல் தொடங்கிய பரி கழகம் 2019இல் லீக்கில் இருந்தே வெளியேற்றப்பட்டது. ஊர் ஒன்றின் கோவில் மூடப்பட்டதுபோல அந்த மக்களுக்கு.

இப்படியான ஆபத்தைத் தடுக்கவென்று பிறீமியர் லீக் 2013இல் ஒரு விதி கொண்டுவந்தது. மூன்று வருடத்தில் 105 மில்லியன் பவுண்ஸுக்கு மேல் நட்டம் காட்டக் கூடாது. 2023 நவம்பரில் எவேட்டன் 124.5 மில்லியன் நட்டம் காட்டியதாக ஆணைக்குழு கண்டு 10 புள்ளிகளைக் குறைத்தது. ரசிகர்கள் லீக்கை ஊழல் என்று எழுதிய அட்டைகளை மைதானத்தில் உயர்த்திப் பிடித்தார்கள். மன்செஸ்ரர் சிற்றி மீது அதே வருடம் பெப்ரவரியில் நூற்றுக்கும் மேற்பட்ட குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டும் ஏன் தண்டனை இல்லை என்று கேட்டார்கள்.

கேள்வி நியாயமானது, ஆனால் பதில் கூச்சலுக்குள் மறைந்துபோனது. எவேட்டனின் மீறலை அதன் சொந்தக் கணக்கே காட்டியது. கழகமும் மீறலை ஏற்றுக்கொண்டு அளவைப் பற்றித்தான் வாதிட்டது. சிற்றி மீதான வழக்கோ கணக்கே சரியானதா என்பது பற்றியது. சிற்றி எல்லாவற்றையும் மறுத்தது, விசாரணை 2024 செப்ரெம்பரில்தான் தொடங்கியது. அதேவேளை எவேட்டன் ரசிகர்கள் சொன்னதில் ஒரு பெரிய உண்மையும் இருந்தது. எவ்வளவு மீறினால் எத்தனை புள்ளி என்ற அட்டவணை விதியில் அப்போது இருக்கவே இல்லை. 2024 பெப்ரவரியில் மேன்முறையீட்டுக் குழு, முதல் ஆணைக்குழு சட்டப்படி இரண்டு தவறுகள் விட்டதைச் சுட்டிக்காட்டித் தண்டனையை 6 புள்ளியாகக் குறைத்தது. அட்டையால் குறையாத புள்ளி எழுத்து வாதத்தால் குறைந்தது.

சிற்றி ரசிகர்களுக்கும் ஒரு பக்கம் உண்டு. வருமானம் உள்ளவர்தான் செலவழிக்கலாம் என்றால் ஏற்கனவே மேலே இருப்பவர் என்றும் மேலேயே இருப்பார் என்கிறார்கள். 2025 நவம்பரில் கழகங்கள் வாக்களித்த புதிய விதியும், 2026-27 பருவத்தில் இருந்து, அணிக்கான செலவை வருமானத்தின் 85 வீதத்துக்குள் வைக்கச் சொல்வதுதான். 1990இல் அந்த இராப்போசன மேசையில் இருந்த எவேட்டன், முப்பது வருடம் கழித்து விதியின் மறுபக்கத்தில் நின்றது. விதி எழுதுகிறவர் இதை நினைவில் வைத்திருப்பது நல்லது.

ரசிகர்கள் கேட்டு வந்த ஒன்று 2025 யூலையில் சட்டமானது. உதைபந்தாட்ட நிர்வாகச் சட்டத்தின்படி, கழகங்களுக்கு வெளியே நிற்கும் சுயாதீன ஒழுங்குபடுத்துநர் உருவானார். 2021இல் பெரிய கழகங்கள் ஐரோப்பிய சுப்பர் லீக்குக்கு ஓடப் பார்த்தபோது தெருவில் இறங்கிய ரசிகர்களும், பிறகு மீளாய்வுக்குழுவுக்குச் சாட்சியம் கொடுத்த ரசிகர்களும் இதற்குக் காரணம்.

ஆகவே அடுத்த சனிக்கிழமை பிள்ளைகள் வாக்குவாதப்பட்டால் தடுக்காதீர்கள். மூன்று கேள்வியை மட்டும் கேளுங்கள். இந்த விதியை எழுதியது யார்? இந்தச் செய்தியைச் சொல்பவருக்குக் காசு எங்கிருந்து வருகிறது? நீ சொல்வதற்கு ஆதாரம் எங்கே? பந்தைப் பற்றிக் கேட்கப் பழகிய பிள்ளை, நாளைக்கு வேறு விடயங்களிலும் கேட்கும்.