கார்பன் இழை வெளித்தகடுகள் (கார்)

காரின் கூரை, பானெட், மட்கார்டு, டிக்கி மூடி முதலிய வெளிப்பகுதிகளை எஃகுத் தகட்டுக்குப் பதிலாகக் கார்பன் இழையும் எபாக்சி பிசினும் சேர்ந்த கலவைப் பொருளில் செய்வது, வண்டியின் எடையைக் குறைக்கும் வழிகளுள் ஒன்று. பந்தயக் களத்தில் பிறந்து, விலையுயர்ந்த வேகக் கார்கள் வழியாகச் சாலைக்கு வந்த முறை இது. மொத்த எடையில் இதனால் குறைவது பலர் எண்ணுவதைவிடச் சொற்பம். எந்த இடத்தில் குறைகிறது என்பதில்தான் இதன் பயன் தங்கியிருக்கிறது.

எடைக் கணக்கு

ஒரு கன சென்டிமீட்டர் எஃகின் எடை 7.85 கிராம், அலுமினியம் 2.7 கிராம், கார்பன் இழைக் கலவை ஏறத்தாழ 1.55 கிராம். இதை வைத்துத் தகட்டின் எடை ஐந்தில் ஒரு பங்காகிவிடும் என்று கணக்கிடுவது தவறு. பல திசைகளில் இழை அடுக்கிய கலவையின் யங் குணகம் (பொருளின் விறைப்பைக் காட்டும் அளவு) எஃகினதில் சுமார் கால் பங்குதான். அதே தடிமனில் செய்தால் தகடு நெளியும். ஆனால், வளையாமல் நிற்கும் விறைப்பு தடிமனின் முப்படிக்கு ஏற்ப உயர்வதால், 0.7 மி.மீ. எஃகுக்கு ஈடாக 1.2 மி.மீ. கலவைத் தகடு போதும். சதுர மீட்டருக்கு எஃகு 5.5 கிலோ, கலவை 1.9 கிலோ. ஆக, மிச்சம் மூன்றரை கிலோவுக்குச் சற்று மேல்.

2003இல் வெளிவந்த பிஎம்டபிள்யூ எம்3 சிஎஸ்எல் இதற்கு நல்ல சான்று. வழக்கமான எம்3 காரைவிட அது சுமார் 110 கிலோ குறைந்து, 1,385 கிலோவில் நின்றது. அதில் பெயர்பெற்ற கார்பன் கூரையின் பங்கு ஏறத்தாழ 6 கிலோ. மீதியெல்லாம் மெல்லிய பின்கண்ணாடி, எடை குறைந்த இருக்கைகள், குறைக்கப்பட்ட ஒலித்தடுப்பு, அட்டையில் செய்த டிக்கித் தளம் போன்றவற்றால் வந்தது. ஆயினும் அந்த 6 கிலோ, காரின் உச்சியிலிருந்து இறங்கியது. ஈர்ப்பு மையம் தாழ்ந்தால் வளைவுகளில் வண்டி சாய்வது குறையும். முன்னே எஞ்சின் உள்ள கார்களில் பானெட்டை இலேசாக்குவதும் இதே கணக்கில்தான்: முன் அச்சின் சுமை குறைகிறது.

வரலாறு

1981இல் ஜான் பர்னார்ட் வடிவமைத்த மெக்லாரன் எம்பி4/1, கார்பன் இழைக் கூட்டுடன் ஃபார்முலா 1 பந்தயத்தில் இறங்கியது. அதே ஆண்டு மோன்சாவில் நடந்த கடும் விபத்திலிருந்து ஓட்டுநர் ஜான் வாட்சன் காயமின்றி வெளியே வந்தார். இந்தப் பொருள் மோதலில் நொறுங்கிவிடும் என்ற ஐயம் அதோடு பெரிதும் அடங்கியது. 1987இன் ஃபெராரி எஃப்40 காரின் வெளித்தகடுகளில் கார்பனும் கெவ்லாரும் கலந்திருந்தன. 2013இல் வந்த பிஎம்டபிள்யூ ஐ3 இதைத் தலைகீழாக்கியது: பயணிகள் அமரும் கூடு கார்பன், வெளித்தகடுகளில் பெரும்பாலானவை பிளாஸ்டிக். பெருமளவில் கார்பன் கிடைத்தபோது அதைத் தோலுக்கல்ல, எலும்புக்கே கொடுத்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

தயாரிப்பும் பராமரிப்பும்

உயர்தரத் தகடுகளுக்குப் பிசின் ஏறிய இழைத்துணியை அச்சில் அடுக்கி, ஆட்டோகிளேவ் எனும் அழுத்த அடுப்பில் பல மணி நேரம் வேகவைப்பர். மூடிய அச்சில் பிசினைச் செலுத்தும் முறையில் இதைச் சில நிமிடங்களில் முடிக்கலாம். எனினும் எஃகுத் தகட்டை அச்சில் அழுத்தி உருவாக்க நொடிகளே ஆகும். விலை வேறுபாட்டுக்கு இதுவும் இழையின் விலையும் காரணம்.

நெசவு வெளியே தெரியும் தகடுகளுக்குப் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு தேவை. இல்லையேல் எபாக்சி மஞ்சளித்துவிடும். கார்பன் மின்கடத்தி. அலுமினியத்தோடு நேரடியாகத் தொட்டு ஈரமும் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கப்படும். ஆகவே இடையில் கண்ணாடி இழை அடுக்கு வைப்பர். அடிபட்ட எஃகை டிங்கரிங் பட்டறையில் தட்டி நிமிர்த்துவதுபோல் இதை நிமிர்த்த முடியாது. மேலே கீறல்கூட இல்லாதபோதும் உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம்.

கடைகளில் தனியாக விற்கும் 'கார்பன்' பானெட்டுகளுள் சில, கண்ணாடி இழைத் தகட்டின்மேல் ஒரே ஒரு கார்பன் துணி ஒட்டியவை. இவற்றில் எடை மிச்சம் மிகக் குறைவு. சில அலுமினிய பானெட்டைவிடவும் கனமாக இருக்கும்.