பட விளக்கக் குறிப்பின் வரலாறு

நூலை அட்டவணைப்படுத்துவோர்க்கு அதன் முகப்புப் பக்கம் வழிகாட்டும். ஆசிரியர் பெயரும் பதிப்பாண்டும் பெரும்பாலும் ஆங்கே கிடைக்கும். படத்திற்கு முகப்புப் பக்கம் இல்லை. அதனுள் யாது காணப்படுகிறது என்பதைக் காண்போரே சொல்லாக்கித் தரல் வேண்டும். இதனை ஒழுங்குபடுத்த எழுந்த முயற்சிகளுள் இரண்டினை ஈண்டு ஆராய்வோம்.

முன்னது, லைடன் பல்கலைக்கழகக் கலை வரலாற்றுப் பேராசிரியர் ஹென்றி வான் த வால் வகுத்த ஐகான்கிளாஸ் முறை. அவர் 1972இல் மறைந்தபின், 1973 முதல் 1985 வரை அது 17 தொகுதிகளாக வெளிவந்தது. படப்பொருளை எண்ணும் எழுத்தும் கொண்ட குறியீட்டால் சுட்டுவதாகலின், எம்மொழியினர்க்கும் அது பொதுவாயிற்று. ஆயின் அதன் தலைமைப் பிரிவுகள் பத்தனுள் விவிலியத்திற்கு ஒன்றும், கிரேக்க உரோமப் பழங்கதைகட்கு ஒன்றும் முழுமையாக ஒதுக்கப்பட்டுள்ளன. கிறித்தவமல்லாத சமயங்களோ சமயப் பிரிவின் ஓர் உட்பிரிவில் அடங்குகின்றன. மேலைநாட்டுக் கலைக்கென வகுத்ததனை இதன்பொருட்டுக் குறைகூறல் பொருந்தாது. எனினும் நம் கோயிற் படிமங்கட்கு அவ்வளவுகோல் போதாது.

பின்னது, 2004இல் தொடங்கப்பெற்ற விக்கிமீடியா பொதுவகத்தின் முறை. 10 கோடிக்கு மேற்பட்ட கோப்புகளையுடைய இக்கருவூலத்தில் முதற்கண் விளக்கங்கள் உரைநடைத் தொடர்களாகவே இருந்தன. பகுப்புப் பெயர்கள் பெரும்பாலும் ஆங்கிலம். 'யானை' எனத் தேடுவார்க்கு ஆங்கில விளக்கமே உடைய படம் அகப்படுதல் அரிது. 2012இல் தோன்றிய விக்கித்தரவு பொருள்தோறும் ஓர் எண் வழங்கிற்று. 2017இல் சுலோன் அறக்கட்டளை நல்கிய 30 இலட்சம் டாலரால் அவ்வமைப்பைப் பொதுவகத்திற்கும் விரிக்கும் பணி வலுப்பெற்றது. 2019இல் பன்மொழித் தலைப்புக் குறிப்பும், அதன்பின் 'சித்திரிப்பது' என்னும் கூற்றும் நடைமுறைக்கு வந்தன. யானையை எண்ணாற் குறித்துவிடின், அவ்வெண்ணுக்குத் தமிழ்ப்பெயர் உள்ளவரை தமிழரும் அப்படத்தை அடையலாம்.

இதனினும் பெரும்பயன் ஒன்றுண்டு. சோழர் செப்புத் திருமேனியின் ஒளிப்படத்தில் 'ஆண்டு' என்பது யாது? படிமம் வார்த்த நூற்றாண்டா, படம் பிடித்த நாளா? 'படைத்தவர்' கம்மியரா, ஒளிப்படக்காரரா? பழைய விளக்கங்களில் இவை மயங்கிக் கிடத்தலை ஆய்வாளர் அறிவர். புதிய முறையில் படம் வேறு, பொருள் வேறு. ஒவ்வொன்றும் தன் காலத்தைத் தானே தாங்கும்.

ஆயினும் எண்ணைத் தெரிபவர் மனிதரே. பிட்சாடனர் திருமேனியைச் 'சிவன்' எனக் குறித்தல் பொய்யன்று. எனினும் பிட்சாடனரைத் தேடுவார்க்கு அது பயன்படாது. பிட்சாடனர் எனவே குறித்து, அவ்வடிவம் சிவனுக்குரியது என்னும் உறவையும் பதிந்துவைப்பின், சிவனைத் தேடுவாரும் அவ்வுறவின் வழியே அப்படத்தை அடைவர். பொதுப்பெயரிலிருந்து சிறப்புப்பெயரை மீட்க எவ்வழியும் இல்லை. ஆதலின், படிமவியல் கற்றார் இப்பணியிற் புகுதல் இன்றியமையாதது என்று கருதுகிறோம்.