ஒண்டாச்சி என்னும் பெயர்

ஊரும் பேரும் விசாரித்து உறவு கண்டுகொள்வது நம்மவர்க்குக் கைவந்த கலை. ஆயினும் அக்கலை இரண்டு மூன்று தலைமுறைக்கு அப்பாற் செல்வதரிது. தந்தையின் பெயர் மகனுக்கு முதலெழுத்தாகின்றது. பேரனுக்கு அது வேறெழுத்தாகிவிடுகின்றது. ஆதலின், முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒரே பெயரைச் சுமந்துவரும் குடும்பமொன்றைப் பற்றி இன்று பேச விரும்புகின்றேன்.

ஒண்டாச்சி என்பது அப்பெயர். ஒல்லாந்தர் எழுதிய வடிவிலே, சிறுமை குறிக்கும் அவர்தம் மொழி விகுதியொன்று அதன் ஈற்றில் நிற்பது போலத் தோன்றும். அதனைக் கண்ணாற் கண்டோர் ஒல்லாந்தப் பெயரென்றே கொள்வர். வாய்விட்டுச் சொன்னாலோ, தமிழோசை கேட்கின்றது. 1659ஆம் ஆண்டில் ஒல்லாந்தத் தேசாதிபதியின் மனைவிக்கு வைத்தியஞ் செய்யத் தஞ்சையிலிருந்து கொழும்புக்கு வந்த தமிழ் வைத்தியரொருவரே தம் மூதாதை என்பது அக்குடும்பத்தார் வழிவழியாகக் கூறும் வரலாறு.

பெரேரா, பெர்னாண்டோ என்னும் பெயர்களைக் கொண்டு உறவு தேடப் புகுவார் ஏமாறுவர். அவை ஞானஸ்நானத்தோடு எத்தனையோ குடும்பங்களுக்கு வந்து சேர்ந்த பெயர்கள். இரு பெரேராக்கள் ஒரு குடியினராதல் வேண்டுமென்பதில்லை. ஒண்டாச்சியோ அரிய பெயர். எங்கே காணினும் உறவோ என்று ஐயுற இடமுண்டு. ஐயம் வேறு, அத்தாட்சி வேறு என்பதையும் மறத்தலாகாது. இங்கே துணைசெய்வது இடைப்பெயர். யூர்கன், யூரியான் என்று அது இக்குடும்பத்திலே தலைமுறைதோறும் திரும்பத் திரும்ப வருகின்றது.

கொழும்பிலே கிறிஸ்தவ போதகராயிருந்த வில்லெம் யூர்கன் ஒண்டாச்சியின் மகன், பீற்றர் பிலிப் யூரியான் குவின்ட் ஒண்டாச்சி. 1758இல் கொழும்பிற் பிறந்து, இளமையிலேயே நெதர்லாந்து சென்று கற்ற இவர், 1780களில் உத்ரெக்ட் நகரிலே மக்களுரிமைக் கட்சியின் தலைவர்களுள் ஒருவரானார். 1787இல் பிரசியப் படை புகுந்து அக்கிளர்ச்சியை அடக்கியது. இவர் பிரான்சுக்குத் தப்பினார். 1818இல் பத்தேவியாவிலே மறைந்தார். கடல் கடந்து சென்ற இவரை நம் நாட்டவரென்று காட்டிக்கொடுப்பது அந்தப் பெயரே.

அப்பெயர்த் தொடரிலே குவின்ட் என்பது யாது? தாயார் ஹெர்மினாவின் குடும்பப் பெயர். ஒரு தாயின் குடிப்பெயர் இவ்வாறு நிலைபெறுவது அருமை. மணமாகிச் சென்ற புதல்வியர் வேறு பெயர் பூண்டுவிடுகின்றனர்; அவர்தம் மக்களும் நமக்கு உறவினரே யாயினும், பெயரை மட்டும் தேடுவோன் கண்ணில் அவர்கள் படுவதில்லை. அவர்களைக் காணவேண்டின், ஆலயங்களின் விவாகப் பதிவேடுகளை ஏடு ஏடாகப் புரட்டவேண்டும்.

அவ்வாறு புரட்டியோருள் ஒருவர், 1943இல் கொழும்பிற் பிறந்து கனடாவிற் குடியேறிய எழுத்தாளர் மைக்கேல் ஒண்டாச்சி. கொழும்பின் பழைய ஆலயமொன்றிலே, தரைக்கல்லிற் பொறித்திருந்த தம் பெயரைத் தாமே முழந்தாளிட்டு வாசித்த அனுபவத்தை, 1982இல் வெளியான தமது குடும்ப நூலிலே அவர் எழுதியிருக்கின்றார்.