லினக்சு வழங்கல்களில் அலுவலக மென்பொருளின் முன்வெளியீட்டுப் பொதியாக்கம்

ஒரு மென்பொருளின் இறுதிப் பதிப்பு வெளிவரும் முன்பே அதன் சோதனைப் பதிப்பை எடுத்து, லினக்சுப் பயனர்கள் எளிதில் நிறுவிக்கொள்ளும் வகையில் பொதியாக அமைத்துத் தருவது முன்வெளியீட்டுப் பொதியாக்கம் எனப்படும். அலுவலக மென்பொருள்களில் இதன் வரலாறு 2001-ஆம் ஆண்டளவில் ஓபன்ஆபிஸ்.ஆர்க் தொகுப்புடன் தொடங்கி, இன்றைய லிப்ரெஆபிஸ் வரை நீள்கிறது. ஆங்கிலப் பயனருக்கு முன்வெளியீடு என்பது பெரும்பாலும் புதிய வசதிகளைச் சில மாதங்கள் முன்னதாகப் பார்க்கும் வாய்ப்பு. தமிழ்ப் பயனருக்கோ, தம் எழுத்து திரையில் ஒழுங்காகத் தோன்றுமா என்பதே பல வேளைகளில் புதிய பதிப்பைப் பொறுத்திருந்தது. எனவே எந்தப் பதிப்பைப் பொதியாக்குவது என்ற முடிவு தமிழ்க் கணிமையின் வரலாற்றிலும் இடம்பெறுகிறது.

வழங்கலும் பொதியும்

லினக்சு என்பது கருவகத்தின் பெயர். கருவகம், கோப்புக் கருவிகள், திரைச்சூழல், உலாவி, அலுவலகத் தொகுப்பு ஆகியவற்றை ஒன்றுசேர்த்துத் தருவது வழங்கல். டெபியன், ஃபெடோரா, உபுண்டு, சூசே ஆகியவை இத்தகையவை. வழங்கலில் உள்ள ஒவ்வொரு மென்பொருளும் ஒரு பொதியாக இருக்கும். அது எந்தெந்தப் பிற பொதிகளைச் சார்ந்துள்ளது, அதன் பதிப்பெண் என்ன, கோப்புகள் எங்கே நிறுவப்பட வேண்டும் என்னும் விவரங்கள் பொதியிலேயே அடங்கியிருக்கும். இவற்றை எழுதி, மூலநிரலைத் தொகுத்து, வழுக்களைக் கவனித்துக்கொள்பவர் பொதிப் பராமரிப்பாளர் ஆவார்.

மென்பொருளை எழுதுவோருக்கு ஒரு கால அட்டவணை, வழங்கலை வெளியிடுவோருக்கு வேறொரு கால அட்டவணை. இரண்டும் ஒன்றிப்போவது அரிது. வழங்கலின் வெளியீட்டு நாள் நெருங்கியும் மென்பொருளின் இறுதிப் பதிப்பு வராவிட்டால், பராமரிப்பாளர் முன் இரு வழிகள்தாம் உள்ளன. பழைய நிலையான பதிப்பைச் சேர்க்கலாம், அல்லது முடிவடையாத புதிய பதிப்பைச் சேர்க்கலாம்.

தொடக்கக் காலம்: 2000 முதல் 2002 வரை

செருமனியின் ஸ்டார் டிவிஷன் நிறுவனம் உருவாக்கிய ஸ்டார்ஆபிஸ் தொகுப்பை 1999-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வாங்கியது. அதன் மூலநிரல் 2000 அக்டோபர் 13 அன்று ஓபன்ஆபிஸ்.ஆர்க் என்ற பெயரில் பொதுவில் வைக்கப்பட்டது. முதல் இறுதிப் பதிப்பான 1.0 வெளிவந்தது 2002 மே மாதத்தில். இடைப்பட்ட காலத்தில் வெளியானவை அனைத்தும் 638, 641 போன்ற எண்களால் அறியப்பட்ட சோதனைக் கட்டமைப்புகளே.

லினக்சுப் பயனர்கள் இந்தக் கட்டமைப்புகளுக்காகக் காத்திருந்தனர். மைக்ரோசாஃப்ட் வேர்டு கோப்புகளை ஓரளவு நம்பகமாகத் திறக்கும் கட்டற்ற தொகுப்பு வேறு எதுவும் அப்போது இல்லை. 2002 மார்ச்சில் வெளிவந்த மாண்டிரேக் லினக்சு 8.2 பதிப்பில் 641 வரிசைக் கட்டமைப்பு ஒன்று இடம்பெற்றது. டெபியனுக்கான பொதிகளை யான்-ஹென்ட்ரிக் பாலிக், கிறிஸ் ஹால்ஸ், ரெனே எங்கெல்ஹார்ட் முதலிய தன்னார்வலர்கள் உருவாக்கினர்.

இப்பணி எளிதாக இருக்கவில்லை. மூலநிரல் பல மில்லியன் வரிகள் கொண்டது. அக்காலக் கணினிகளில் அதை ஒருமுறை தொகுக்கப் பல மணி நேரமும் பல கிகாபைட் வட்டிடமும் தேவைப்பட்டன. மேலும், தனக்குத் தேவையான நிரலகங்கள் பலவற்றின் நகல்களை ஓபன்ஆபிஸ் தன்னுள்ளேயே வைத்திருந்தது. வழங்கலில் ஏற்கெனவே உள்ள நிரலகத்தையே எல்லா மென்பொருள்களும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது டெபியன் போன்றவற்றின் நெறி. ஒரு நிரலகத்தில் பாதுகாப்புக் குறை கண்டறியப்பட்டால் அதை ஓரிடத்தில் திருத்தினால் போதும் என்பதே அதன் காரணம். ஆகவே உள்ளிருந்த நகல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. தொகுப்பின் சில பகுதிகளுக்கு அன்று கட்டற்றதாக இல்லாத சன் நிறுவனத்தின் ஜாவா தேவைப்பட்டது மற்றொரு தடை.

இவற்றின் விளைவு டெபியனின் நிலையான பதிப்புகளில் தெரிந்தது. 2002 சூலை 19 அன்று வெளிவந்த டெபியன் 3.0 பதிப்பில் ஓபன்ஆபிஸ் இல்லை. அடுத்த நிலையான பதிப்பான 3.1 வெளிவந்தது 2005 சூன் 6 அன்று. அதில்தான் ஓபன்ஆபிஸ் 1.1.3 முதன்முறையாக இடம்பெற்றது. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள், டெபியனின் நிலையான பதிப்பை மட்டும் நம்பியிருந்தவருக்கு அதிகாரப்பூர்வ ஓபன்ஆபிஸ் பொதி கிடைக்கவில்லை.

தமிழுக்கு 1.1 பதிப்பின் முதன்மை

தொண்ணூறுகளின் இறுதியில் கணினித் தமிழ் பெரும்பாலும் எட்டுப்பிட்டுக் குறியாக்கங்களை நம்பியிருந்தது. தகுதரம் எனப்படும் டிஸ்கி, 1999-ஆம் ஆண்டுச் சென்னை மாநாட்டை ஒட்டி உருவான டாப், டாம் ஆகியவை அவற்றுள் அறியப்பட்டவை. இவற்றில் எழுத்துருவே முழு வேலையையும் செய்தது. ஒற்றைக்கொம்பு ஒரு தனிக் குறி. அதை மெய்க்கு முன்னால் வைத்துவிட்டால் எந்த மென்பொருளும் 'கெ' என்பதைச் சரியாகக் காட்டிவிடும்.

ஒருங்குறியில் முறை வேறு. 'கெ' என்பதில் முதலில் ககரமும் அதன் பின்னர் எகர உயிர்க்குறியும் சேமிக்கப்படுகின்றன. திரையில் கொம்பை முன்னால் கொண்டுவருவது மென்பொருளின் பொறுப்பு. 'கொ' என்பதில் ஒரே உயிர்க்குறி இரண்டாகப் பிரிந்து, ககரத்தின் இருபுறமும் அமர வேண்டும். இந்த வேலையைச் செய்யும் எழுத்தடுக்குப் பொறி இல்லாத மென்பொருளில் கொம்பு இடம்மாறித் தோன்றும். சில வேளைகளில் புள்ளி வட்டத்துடன் தனியே நிற்கும்.

இந்திய மொழிகள் உள்ளிட்ட சிக்கலான எழுத்துமுறைகளுக்கான ஆதரவு ஓபன்ஆபிசில் 2003-ஆம் ஆண்டின் 1.1 பதிப்பில்தான் முறையாக வந்தது. எனவே அவ்வாண்டு வெளியான 1.1 சோதனைப் பதிப்புகள் தமிழருக்கு வெறும் முன்னோட்டம் அல்ல. 'கொ', 'கோ', 'கௌ', 'ஸ்ரீ', 'க்ஷ' ஆகியன சரியாக அமைகின்றனவா, சுட்டி எழுத்தின் நடுவே சிக்கிக்கொள்கிறதா, பின்நகர்வு விசை எதை அழிக்கிறது என்பனவற்றைத் தமிழ் தெரிந்தவர்தான் சோதிக்க முடியும். சோதனைப் பதிப்பு பொதியாகக் கிடைக்காவிட்டால், பல மணி நேரம் மூலநிரலைத் தொகுக்கக்கூடியவர் மட்டுமே அதைச் சோதிப்பார். அத்தகையோருள் தமிழறிந்தவர் மிகச் சிலரே. இறுதிப் பதிப்பு வந்த பிறகு கண்டறியப்படும் தமிழ் வழு அடுத்த பதிப்பு வரை காத்திருக்க நேரும்.

மொழிபெயர்ப்புக்கும் இது பொருந்தும். பட்டிகளிலும் உரையாடல் பெட்டிகளிலும் உள்ள சொற்கள் வெளியீட்டுக்குச் சற்று முன்பு வரை மாறிக்கொண்டிருக்கும். மொழிபெயர்க்கப்படாத தொடர்கள் ஆங்கிலத்திலேயே தோன்றுவதால், சோதனைப் பதிப்பின் பட்டியில் தமிழும் ஆங்கிலமும் கலந்து நிற்கும். விடுபட்டவை எவை என்பதை மொழிபெயர்ப்பாளர் கண்ணால் காண இதுவே வழி.

2005: முந்திக்கொண்ட வழங்கல்கள்

முன்வெளியீட்டைச் சேர்ப்பதா என்ற கேள்வி மிகத் தெளிவாக எழுந்த ஆண்டு 2005. ஓபன்ஆபிஸ் 2.0 பதிப்புக்கான சோதனைக் கட்டமைப்புகள் அவ்வாண்டு 1.9 என்று தொடங்கும் எண்களுடன் வெளிவந்தன. சூன் 13 அன்று வெளியான ஃபெடோரா கோர் 4 அவற்றுள் ஒன்றையே தன் அலுவலகத் தொகுப்பாக ஏற்றது. அதன் ஜாவாப் பகுதிகளை ஜிசிஜே என்னும் கட்டற்ற தொகுப்பியைக் கொண்டே தொகுக்க முடிந்ததால், பழைய ஜாவாத் தடையும் தளர்ந்தது. அக்டோபர் 13 அன்று வெளியான உபுண்டு 5.10, இரண்டாம் பீட்டாப் பதிப்புடன் வந்தது. ஒரு வாரம் கழித்து, அக்டோபர் 20 அன்று, 2.0 இறுதிப் பதிப்பு வெளியானது.

இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருந்தது. 2.0 பதிப்பு, 2005 மே மாதத்தில் ஓயாசிஸ் அமைப்பு ஏற்ற திறந்த ஆவண வடிவத்தை இயல்புநிலை வடிவமாகக் கொண்டது. பழைய 1.1.4 பதிப்பால் அவ்வடிவக் கோப்புகளைத் திறக்க இயலாது. அவற்றைப் படிக்கும் வசதி செப்டம்பரில் வந்த 1.1.5 பதிப்பில்தான் சேர்ந்தது. ஆகவே சோதனைப் பதிப்பில் கடிதம் எழுதி அப்படியே சேமித்த ஒருவர், அதைப் பழைய பதிப்பு வைத்திருக்கும் நண்பருக்கு அனுப்பினால் அவரால் படிக்க முடியாது. மென்பொருளில் உள்ள வழுவைப் பின்னர் திருத்திவிடலாம். ஆவணங்கள் பரவிய பின் அவற்றைத் திரும்பப் பெற முடியாது. அலுவலக மென்பொருளைப் பொதியாக்குவோர் பிற பொதிகளைவிட இதில் கூடுதல் எச்சரிக்கை காட்டியதற்கு இதுவே காரணம்.

பதிப்பெண்ணும் அலைக்குறியும்

சோதனைப் பதிப்புக்கு என்ன எண் தருவது என்பதும் சிறிய கேள்வி அன்று. பொதி மேலாளர் எண்களை ஒப்பிட்டே எது புதியது என்று முடிவுசெய்கிறது. '3.3.0பீட்டா1' என்று பெயரிட்டால், அது '3.3.0' என்பதைவிட நீளமானது என்பதால் புதியதாகக் கருதப்படும். இறுதிப் பதிப்பு வந்தாலும் கணினி அதை ஏற்காது. டெபியன் பொதியமைப்பில் இதற்கு அலைக்குறி பயன்படுகிறது. அலைக்குறியைத் தொடர்ந்து வருவது எதுவாயினும், அது இல்லாத எண்ணுக்கு முந்தையதாகவே கொள்ளப்படும். எனவே '3.3.0~பீட்டா1' நிறுவியிருப்பவருக்கு '3.3.0' வந்ததும் மேம்படுத்தல் இயல்பாக நடக்கும்.

முன்வெளியீட்டுப் பொதிகளுக்கு டெபியனில் தனி இடமும் உண்டு. 'எக்ஸ்பெரிமென்டல்' எனப்படும் அப்பகுதியிலிருந்து எந்தப் பொதியும் தானாக நிறுவப்படாது. பயனர் பெயர் சொல்லிக் கேட்டால் மட்டுமே வரும். அங்கே சோதிக்கப்பட்டவை நிலையற்ற கிளை, சோதனைக் கிளை வழியாக நிலையான பதிப்பை அடைகின்றன.

குறுவட்டுக் காலமும் காரைக்கால் போன்ற ஊர்களும்

இந்த முடிவுகளின் விளைவு பெருநகரத்திலும் சிற்றூரிலும் ஒரே அளவில் இருக்கவில்லை. தொலைபேசி வழி இணைப்பின் உச்ச வேகம் நொடிக்கு 56 கிலோபிட். அந்த வேகத்தில் 650 மெகாபைட் குறுவட்டு ஒன்றைப் பதிவிறக்க, இடையில் அறுபடாவிட்டாலும், ஏறத்தாழ 26 மணி நேரம் ஆகும். 2004-ஆம் ஆண்டின் இந்திய அகலப்பட்டைக் கொள்கை குறைந்த அளவாக வைத்த 256 கிலோபிட் வேகத்திலும் ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்திருந்தும் தலைநகரிலிருந்து விலகி, தமிழக மாவட்டங்களால் சூழப்பட்ட காரைக்கால் போன்ற காவிரிப் படுகை ஊர்களில், அஞ்சலில் வந்த குறுவட்டோ கைமாறிய குறுவட்டோதான் நடைமுறைக்கு ஏற்ற வழி. உபுண்டு திட்டம் 2011 வரை குறுவட்டுகளை இலவசமாக அஞ்சலில் அனுப்பிவந்தது.

குறுவட்டில் இருந்த பதிப்பே அத்தகைய பயனரின் பதிப்பு. இணைய வசதியுள்ளவர் பீட்டாவை ஒரு வாரத்தில் மாற்றிக்கொள்வார். குறுவட்டை மட்டும் நம்பியிருப்பவர் அடுத்த குறுவட்டு வரும் வரை அதே பீட்டாவுடன் இருப்பார். மறுபுறம், பழைய நிலையான பதிப்பைக் குறுவட்டில் வைத்தால், தமிழ் எழுத்தடுக்கின் புதிய திருத்தங்கள் அவருக்குக் கிட்டா.

இந்திய நடுவண் அரசு 2005 ஏப்ரலில் சென்னையில் வெளியிட்ட தமிழ் மென்பொருள் குறுவட்டும் இக்காலத்ததே. தமிழ் எழுத்துருக்களுடன், ஓபன்ஆபிசின் இந்திய மொழி வடிவமான பாரதீய ஓபன் ஆபிசும் அதில் இருந்தது. சென்னை சி-டாக் மையம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்சு 2007-இல் வந்தது. அதே காலத்தில் தமிழக அரசின் எல்காட் நிறுவனம் தன் கணினிகளைச் சூசே லினக்சுக்கும் ஓபன்ஆபிசுக்கும் மாற்றியது. டெபியன் எந்தப் பதிப்பை ஏற்கிறதோ, அதன் தாக்கம் பாஸ் போன்ற வழிவந்த வழங்கல்களையும் எட்டுகிறது.

2010-11: பிரிவும் பொதியும்

ஓபன்ஆபிஸ் ஆரக்கிள் நிறுவனத்தின் கைக்குப் போன பின், 2010 செப்டம்பர் 28 அன்று டாக்குமென்ட் பவுண்டேசன் அமைப்பும் லிப்ரெஆபிஸ் பீட்டாப் பதிப்பும் ஒருசேர அறிவிக்கப்பட்டன. டெபியன் 6.0 அப்போது ஏற்கெனவே உறைநிலையில் இருந்தது. உறைநிலையில் புதிய மென்பொருள் சேர்க்கப்படுவதில்லை. லிப்ரெஆபிஸ் 3.3 இறுதிப் பதிப்பு 2011 சனவரி 25 அன்று வந்தது. பன்னிரண்டு நாள் கழித்து, பிப்ரவரி 6 அன்று, டெபியன் 6.0 பழைய ஓபன்ஆபிஸ் 3.2.1 பதிப்புடன் வெளியானது. 2005-இல் உபுண்டு எடுத்த முடிவுக்கு நேர் எதிரான முடிவு இது. ஆனால் டெபியன் பயனர்கள் கைவிடப்படவில்லை. லிப்ரெஆபிஸ் பொதிகள் எக்ஸ்பெரிமென்டல் பகுதியில் முன்பே தயாராகியிருந்தன. நிலையான பதிப்பினர் அவற்றைப் 'பேக்போர்ட்ஸ்' களஞ்சியம் வழியாகப் பெற முடிந்தது.

தற்போதைய நிலை

2010-இல் தமிழக அரசு ஒருங்குறியைத் தன் குறியாக்கத் தரங்களுள் ஒன்றாக ஏற்றபின், எழுத்தடுக்குப் பொறியின் தரம் அரசு ஆவணங்களையும் தொடும் விவகாரமாயிற்று. 2013-இல் லிப்ரெஆபிஸ் 4.1 லினக்சில் ஹார்ஃப்பஸ் எழுத்தடுக்குப் பொறிக்கு மாறியது. 2017-இல் வந்த 5.3 பதிப்பு முதல் பிற இயங்குதளங்களிலும் அதுவே பயன்படுகிறது. அடிப்படைப் பொறி மாறும் ஒவ்வொரு முறையும் தமிழை மறுபடியும் சோதிக்க வேண்டியுள்ளது.

லிப்ரெஆபிஸ் இப்போது ஆண்டுக்கு இருமுறை, முன்கூட்டி அறிவித்த காலத்தில் வெளிவருகிறது. அதனால் வழங்கல்களின் அட்டவணையுடன் ஒத்துப்போவது முன்பைவிட எளிது. டெபியனில் தமிழ் இடைமுகம் தனிப் பொதியாகவே கிடைக்கிறது. பீட்டா வெளிவந்து இறுதிப் பதிப்பு வரும் வரையுள்ள சில வாரங்களே தமிழ் வழுக்களைக் கண்டு சொல்ல உகந்த காலம். அந்த வாரங்களில் சோதனைப் பொதியை நிறுவி, தமிழில் ஒரு பக்கம் தட்டச்சு செய்து பார்க்கும் மாணவர் ஒருவர் கண்டறியும் பிழை, இறுதிப் பதிப்பைப் பயன்படுத்தும் எவரையும் எட்டாமலே திருத்தப்பட்டுவிடலாம்.