ஸ்பெக்ட்ரம்: ஒரு தலைமுறையின் முதல் கணினி

1982 ஏப்ரல் 23 அன்று, கேம்பிரிட்ஜில் இயங்கிய சின்கிளேர் ரிசர்ச் நிறுவனம் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்ற வீட்டுக் கணினியை வெளியிட்டது. 16 கிலோபைட் நினைவகம் கொண்டதன் விலை 125 பவுண்டு, 48 கிலோபைட் கொண்டதன் விலை 175 பவுண்டு. அந்த வரிசை பத்து ஆண்டுகள் சந்தையில் இருந்து, உலகெங்கும் சுமார் 50 லட்சம் விற்றது. பள்ளி வயதில் அதைப் பெற்ற பிரிட்டன் பிள்ளைகளில் பெரும்பாலோர் இன்று ஐம்பதைத் தொட்டவர்கள் அல்லது கடந்தவர்கள். அவர்களில் பலர் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். விற்றவர்களும் தொலைத்தவர்களும் தேடிப்பிடித்து மறுபடி வாங்குகிறார்கள். அதைவிட நூறு மடங்கு வல்லமை கொண்ட கணினிகள் பின்னால் எத்தனையோ வந்துபோயின. அவற்றின் மேல் இந்தப் பற்று பிறக்கவில்லை. ஸ்பெக்ட்ரம் தன் உரிமையாளரைச் சும்மா இருக்கவிடவில்லை. அதைப் புரிந்துகொண்டவருக்கே அது பயன்பட்டது.

நிறுவனர் கிளைவ் சின்கிளேர், கணினிக்கு முன்பே கால்குலேட்டர்களையும் சிறிய ரேடியோக்களையும் மலிவாகச் செய்து விற்றவர். 1980இல் அவர் வெளியிட்ட இசட்எக்ஸ்80, 100 பவுண்டுக்கும் குறைவான விலையில் கணினியைச் சாதாரண வீட்டுக்குக் கொண்டுவந்தது. உதிரிகளாக வாங்கி வீட்டில் தானே சால்டர் செய்துகொள்பவருக்கு விலை இன்னும் குறைவு. அடுத்த ஆண்டில் வந்த இசட்எக்ஸ்81, 69.95 பவுண்டுக்குப் புத்தகக் கடைகளிலேயே கிடைத்தது. அதன் நினைவகம் ஒரே ஒரு கிலோபைட். பின்புறம் செருகும் கூடுதல் நினைவகப் பெட்டி சற்றே அசைந்தாலும் அதுவரை தட்டியதெல்லாம் அழிந்துபோகும். 1982 ஜனவரியில் பிபிசி தொலைக்காட்சி தன் கணினிக் கல்வித் தொடரைத் தொடங்கியது. அதற்கென ஏகார்ன் நிறுவனம் செய்த பிபிசி மைக்ரோ, பள்ளிகளை நிரப்பியது. ஆனால் அதன் பெரிய மாதிரியின் விலை 300 பவுண்டுக்கும் மேல். வீட்டுக்கு என்று பெற்றோர் தேடியபோது, கைக்கு எட்டும் விலையில் வண்ணமும் ஒலியும் தந்தது ஸ்பெக்ட்ரம்.

வன்பொருளை வடிவமைத்தவர் ரிச்சர்ட் ஆல்ட்வாசர். கறுப்பு உடலையும் சாம்பல் நிற ரப்பர் விசைகளையும் வரைந்தவர் ரிக் டிக்கின்சன். உள்ளிருக்கும் பேசிக் நிரல்மொழிப் பதிப்பை எழுதியவர் ஸ்டீவ் விக்கர்ஸ். மூவரின் வேலையிலும் சிக்கனமே சட்டம். 48 கிலோபைட் கணினியில், பாதி மட்டும் பழுதில்லாத நினைவகச் சிப்புகளை மலிவாக வாங்கி, நல்ல பாதியை மட்டும் இயக்கினார்கள். திரைக்கு ஒதுக்கிய நினைவகம் 6,912 பைட். இந்த அளவுக்குள் அடக்க, எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட ஒரு கட்டத்துக்கு இரண்டே வண்ணங்கள் என்று வரையறுத்தார்கள். அதனால் சிவப்பு உருவம் ஒன்று பச்சை மரத்தருகே போனால் மரமும் சிவப்பாகும். அந்த வண்ணக் கலப்பு, ஸ்பெக்ட்ரம் விளையாட்டு எதையும் ஒரே பார்வையில் காட்டிக்கொடுக்கும் அடையாளமாக நிலைத்தது.

கணினிக்குத் தனித் திரை கிடையாது. வீட்டுத் தொலைக்காட்சியின் ஆன்டெனா துளையில் கம்பியைச் செருகி, 36ஆம் அலைவரிசையைத் தேடிப் பிடிக்க வேண்டும். நிறுத்துவதற்கு சுவிட்சும் கிடையாது. மின்கம்பியைப் பிடுங்குவதுதான் வழி. விசைகள் 40 மட்டுமே. அதனால் ஒவ்வொரு விசையிலும் எழுத்தோடு பேசிக் கட்டளைகளும் அச்சிடப்பட்டிருந்தன. வரியின் தொடக்கத்தில் ‘பி’ விசையை அழுத்தினால் ‘பிரிண்ட்’ என்ற முழுச் சொல்லும், ‘ஜே’ விசையை அழுத்தினால் ‘லோடு’ என்ற முழுச் சொல்லும் திரையில் விழும். எந்தக் கட்டளை எந்த விசையில் என்பது சில வாரங்களில் விரல்களுக்கு மனப்பாடமானது. முப்பது ஆண்டுக்குப் பின் அதே விசைகளைத் தொடுபவரின் விரலும் தானாக அதே இடத்துக்குப் போகிறது.

நிரல்கள் சாதாரண ஆடியோ கேசட்டில் இருந்தன. ‘ஜே’யை அழுத்தி, இரட்டை மேற்கோள் குறி இரண்டு இட்டு, என்டர் தட்டி, டேப் ரெக்கார்டரை ஓடவிட வேண்டும். முதலில் நீண்ட ஒரே சுருதி. திரையின் ஓரத்தில் சிவப்பும் வெளிர்நீலமும் அகலப் பட்டைகளாக நகரும். பிறகு கீச்சுக் குரலாக ஒலி மாறும். பட்டைகள் நீலமும் மஞ்சளுமாக மெலிந்து துடிக்கும். முகப்புப் படம் மேலிருந்து கீழாக வராது. திரை மூன்று பகுதிகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றிலும் எட்டு வரிக்கு ஒன்றாக இழை இழையாக நிரம்பும். கறுப்பு வெள்ளையில் படம் முடிந்த பிறகே வண்ணம் வரிசை வரிசையாக ஏறும். முழு விளையாட்டும் ஏற ஐந்து நிமிடம் பிடிக்கும். நான்காவது நிமிடத்தில் ‘டேப் லோடிங் எரர்’ என்று வந்தால் மறுபடி முதலிலிருந்து. ரெக்கார்டரின் தலைப்பகுதியைச் சின்ன ஸ்குரூடிரைவரால் அரைத் திருப்பு திருப்பி ஒலியைத் தெளிவாக்கும் வித்தையை அன்று பள்ளிப் பிள்ளைகளும் அறிந்திருந்தார்கள்.

கணினியுடன் வந்த கையேடு, வாங்கியவர் நிரல் எழுதுவார் என்று எண்ணியே எழுதப்பட்டது. ‘சின்கிளேர் யூசர்’ போன்ற மாத இதழ்கள் நிரல்களை வரிவரியாக அச்சிட்டன. அவற்றைப் பார்த்துத் தட்டி, தவறு தேடித் திருத்தியபோதே பலருக்கு நிரலாக்கம் கைவந்தது. மேத்யூ ஸ்மித் தன் பதினேழாவது வயதில் எழுதிய ‘மேனிக் மைனர்’ 1983இல் வந்தது. உயிர்கள் தீராமல் அதை விளையாட, நினைவகத்தின் 35136ஆம் இடத்தில் பூஜ்யத்தை இட்டால் போதும் என்பது பிள்ளைகளிடையே வாய்வழியாகப் பரவியது. அதே ஆண்டில் இயான் லோகனும் ஃபிராங்க் ஓ’ஹாராவும், கணினியின் 16 கிலோபைட் நிலை நினைவகத்தில் (ரோம்) உள்ள கட்டளைகள் அனைத்தையும் விளக்கும் நூலை வெளியிட்டார்கள். கடைசி பைட் வரை ஒரே மனிதர் படித்து முடிக்கக்கூடிய கணினியாக அது இருந்தது. சொந்தம் என்ற உணர்வு வேரூன்றியது இந்த முழுமையில்தான்.

ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் டைமெக்ஸ் கடிகார நிறுவனத்தின் ஆலையில் ஸ்பெக்ட்ரம் தயாரானது. அங்கு பயிற்சித் தொழிலாளியாக இருந்த டேவிட் ஜோன்ஸ் பின்னாளில் தொடங்கிய டிஎம்ஏ டிசைன் நிறுவனம், ‘லெமிங்ஸ்’ விளையாட்டையும் ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ’வின் முதல் பதிப்பையும் தந்தது. ஸ்பெயின் பெரிய சந்தையானது. 128 கிலோபைட் மாதிரி 1985இல் பிரிட்டனுக்கும் முன்பே அங்கு விற்பனைக்கு வந்தது. மேற்கத்தியக் கணினிகள் எளிதில் கிடைக்காத கிழக்கு ஐரோப்பாவில் நகல்கள் பெருகின: செக்கோஸ்லோவாகியாவில் டிடாக்டிக், சோவியத் நாட்டில் லெனின்கிராட், பென்டகன். இந்தியாவில் டெசிபெல்ஸ் நிறுவனம் உரிமம் பெற்று ‘டிபி ஸ்பெக்ட்ரம் பிளஸ்’ என்ற பெயரில் விற்றது.

1985இல் வீட்டுக் கணினிச் சந்தை சரிந்தது. கடனில் சிக்கிய சின்கிளேர், 1986 ஏப்ரலில் தன் கணினித் தொழிலை ஆம்ஸ்டிராட் நிறுவனத்துக்கு 50 லட்சம் பவுண்டுக்கு விற்றார். ஆம்ஸ்டிராட், டேப் ரெக்கார்டர் உடலிலேயே பதித்த மாதிரியையும் வட்டு இயக்கி பதித்த மாதிரியையும் வெளியிட்டு, 1992இல் உற்பத்தியை நிறுத்தியது. அதற்குள் பிள்ளைகள் அமிகா போன்ற புதிய கணினிகளுக்கும் பிசிக்கும் மாறியிருந்தார்கள். ஸ்பெக்ட்ரம் கேசட்டுகளோடு பரணேறியது. பல கணினிகள் பழைய சாமான் சந்தையில் சில பவுண்டுக்குக் கைமாறின.

ஸ்பெக்ட்ரம் மீண்டும் நினைவுக்கு வந்தது, முதலில் மென்பொருளாகத்தான். 1990களின் தொடக்கத்தில் பிசிக்குள் ஸ்பெக்ட்ரமை அப்படியே நடித்துக்காட்டும் எமுலேட்டர்கள் வந்தன. 1995இல் நெதர்லாந்தைச் சேர்ந்த மார்ட்டின் வான் டெர் ஹைடே தொடங்கிய ‘வேர்ல்டு ஆஃப் ஸ்பெக்ட்ரம்’ காப்பகம், ஆயிரக்கணக்கான கேசட்டுகளை டிஜிட்டல் கோப்புகளாக்கிச் சேர்த்தது. நிலை நினைவகத்தின் காப்புரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, எமுலேட்டர்களுடன் அதை வழங்க ஆம்ஸ்டிராட் அனுமதித்தது. அது இந்தப் பாதுகாப்புப் பணிக்கு உறுதியான தரையைத் தந்தது.

அசல் கணினியைப் பரணிலிருந்து இறக்கியவர்களுக்கு வேறு வேலை காத்திருந்தது. நாற்பது ஆண்டுப் பழைய கணினிக்கு நேராக மின்சாரம் கொடுப்பது ஆபத்து. கீழ் 16 கிலோபைட் நினைவகச் சிப்புகளுக்கு 5, 12, கழித்தல் 5 என மூன்று வோல்டேஜ்கள் தேவை. அவற்றில் ஒன்று தவறினாலும் சிப்புகள் பொசுங்கக்கூடும். எனவே முதலில் மல்டிமீட்டரால் வோல்டேஜ் பார்த்து, காய்ந்த கெப்பாசிட்டர்களை மாற்றுவது முறை. அதிகம் பழுதாவது விசைப்பலகைக்குக் கீழுள்ள மெல்லிய பிளாஸ்டிக் படலம். அதன் இரண்டு நாடா முனைகளும் காலப்போக்கில் மொறுமொறுவென்று ஆகி, மேல்மூடியைத் திறக்கும்போதே ஒடிந்துவிடும். ஒடிந்தால் விசைகள் வேலை செய்யாது. அதற்குப் புதிய படலங்கள் இன்று தனியே தயாராகி விற்கின்றன. இன்றைய தொலைக்காட்சிகள் பழைய அலைவரிசையைப் பிடிக்காமல் போகலாம். அப்போது உள்ளேயிருந்து அந்த அலைவரிசையை உருவாக்கும் மாடுலேட்டரைத் தாண்டி, நேரடி வீடியோ இணைப்பு எடுப்பார்கள். உரிமையாளர்களில் ஒரு சாரார் இந்த மாற்றத்தையும் ஏற்பதில்லை. கழற்றிய ஒவ்வோர் உதிரியையும் உறையிலிட்டுக் கணினியோடு வைப்பவர்களும் உண்டு.

2017இல் பொதுமக்களிடம் முன்பணம் திரட்டி ‘ஸ்பெக்ட்ரம் நெக்ஸ்ட்’ என்ற புதிய கணினி உருவானது. அதன் உடலை வடிவமைத்தவரும் ரிக் டிக்கின்சன்தான். அது வாங்கியவர்களின் கைக்குப் போகும் முன்பே, 2018இல் அவர் காலமானார். சின்கிளேர் 2021 செப்டம்பரில் மறைந்தார். கேம்பிரிட்ஜின் கணினி வரலாற்று மையத்திலும் பிளெட்ச்லி பார்க்கிலுள்ள தேசியக் கணினி அருங்காட்சியகத்திலும், பார்வையாளர்கள் தொட்டு இயக்கும்படி அக்காலக் கணினிகள் வைக்கப்பட்டுள்ளன.

கடையில் விற்ற விளையாட்டுகளைப் பெரும்பாலும் காப்பகங்கள் காப்பாற்றிவிட்டன. காப்பாற்றப்படாதவை, பிள்ளைகள் தாமே எழுதி வெற்றுக் கேசட்டில் பதிந்த நிரல்கள். பாதியில் நின்ற விளையாட்டு, பள்ளிக் கணக்கு, தங்கையின் பெயரை வண்ணத்தில் ஓடவிட்ட பத்து வரி என்று அவற்றுக்கு உலகில் ஒரே பிரதிதான் உண்டு. காந்த நாடா ஆண்டுக்கு ஆண்டு மங்குகிறது. கேசட்டை ஓடவிட்டு, ஒலியைக் கணினியில் கோப்பாகப் பதிந்துகொண்டால் நிரல் தப்பும். இந்த வேலையை அருங்காட்சியகங்களை நம்பி விட்டுவிட முடியாது. அது, கேசட்டு யாரிடம் இருக்கிறதோ அவர் கையில்தான் இருக்கிறது.